தாவீதண்ணனுக்கு ஒரு டர்ன்அரவுண்ட்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்தேன். சின்னப் பாட்டு. நாலே சரணம். சாதாரணமாக ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அன்று முடியவில்லை... முடிக்க வேண்டாம் என்று ஓர் அம்மாள் கேட்டுக்கொண்டார்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குப் பொறுமை ஒன்றும் புதிதல்ல.

எனக்கு ஒரு வியாதி உண்டு. நாற்பதைத் தாண்டிய பிறகு வந்தது. எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நீச்சல். அந்தக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'மூழ்காமல் கரையேறியதற்கு வாழ்த்துகள். அதைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்' என்று கார்டு போட்டிருந்தார். அடுத்து ஹோமியோபதி. என்னிடம் மருந்து சாப்பிட்ட ஒரே நோயாளி என் மனைவி. இப்போதெல்லாம் அவளுக்குத் தலைவலி வந்தால் என்னிடம் சொல்வதில்லை.

மூன்றாவதாக வந்து சேர்ந்தது, காஸ்பல் பியானோ.

இதற்குக் காரணம் மச்சான். என் மனைவியின் தம்பி. கப்பலில் வேலை. அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் பக்கத்திலிருந்த கறுப்பர்கள் சர்ச்சுக்குப் போயிருக்கிறார். லீவில் வந்தபோது அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, அங்க சனம் ஒக்காரவே இல்ல மாமா! பியானோக்காரன் வுட மாட்டேன்றான். பாட்டு முடிஞ்சிடுச்சின்னு நெனைக்கிறோம்... இன்னாவோ பண்றான், திருப்பி மொதல்லயே இட்டாந்து வுட்டுடறான்!"

பேசியதோடு விட்டிருக்கலாம். கையோடு ஒரு கேசட்டும் கொண்டுவந்திருந்தார். அந்த மாதிரி சர்ச்சில் வாசிக்கும் ஒரு கனத்த குரல்காரர், இதை எப்படி வாசிப்பது என்று பியானோவில் உட்கார்ந்து சொல்லித் தருகிற கேசட். ஏ சைடு, பாட்டைத் திருப்புவது; அதற்குப் பெயர் டர்ன்அரவுண்ட். பி சைடு, பாட்டை முடிப்பது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சேரப்பணஞ்சேரி பக்கம் உள்ள எங்கள் சின்னக் கோயிலில் (சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்) கீபோர்டு வாசிப்பது நான்தான். திறமைக்காகக் கிடைத்த பதவி அல்ல. அதுவரை வாசித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். கீபோர்டு இங்கேயே இருந்தது. நானும் இருந்தேன்.

சரி, டர்ன்அரவுண்ட் என்றால் என்ன? டவுன் பஸ் கடைசி ஸ்டாப்புக்கு வருகிறது. எல்லாரும் இறங்கத் தயாராகிறார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தாமல் ஒரு சுற்று சுற்றி, வந்த பக்கமே முகத்தைத் திருப்புகிறார். கண்டக்டர் விசில் கொடுக்கிறார். அவ்வளவுதான் விஷயம். சரணம் முடிகிற இடத்தில் நாலைந்து கார்டு, அதாவது மூன்று நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்துகிற ஸ்வரக் கொத்து. அவற்றை வாசித்தால் காது தானாகவே மறுபடி பாட்டின் தொடக்கத்துக்குக் காத்திருக்கும்.

கேசட்காரர் சொன்னது இது. இடது கை 'சி'யில் நிற்கிறது. அதுதான் வீடு. அங்கிருந்து ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று படியேற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வலது கையில் ஒரு கார்டு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! எஃப் ஷார்ப் படியில் 'டிமினிஷ்ட்' என்று ஒரு கார்டு வரும். பெயரைக் கேட்டாலே சம்பளத்தில் பிடித்தம் செய்கிற மாதிரி இருக்கும். விரல்கள் நாலும் நாலு பக்கம் ஓடும். ரீவைண்ட் பட்டன், பாஸ் பட்டன், மறுபடி ரீவைண்ட்... கனத்த குரல்காரர் நடுநடுவே சிரிப்பார். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தோன்றும்.

என் மனைவிக்கு வேறு பிரச்சினை. நான் கஷ்டப்பட்டு ஜி வரைக்கும் ஏறிவிடுவேன். அங்கிருந்து சி-க்கு இறங்காமல், அடுத்து என்ன என்று பேப்பரைப் பார்ப்பேன். சமையலறையிலிருந்து சத்தம் வரும்.

"ஏங்க, அது வாசப்படி வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்குது! ஒண்ணு உள்ள கூப்பிடுங்க, இல்லாட்டி போகச் சொல்லுங்க. எனக்கு நெஞ்சு அடைக்குது."

சங்கீதம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் கரண்டியும் கையுமாகச் சொல்லிவிட்டாள். ஜி-யில் நிற்க முடியாது. ஜி என்பது வாசப்படி.

ஒருநாள் காலையில் வந்துவிட்டது. படியேறி, டிமினிஷ்டைத் தாண்டி, வாசப்படியில் கால் வைத்து, பொத்தென்று வீட்டுக்குள். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்க அதையே வாசித்தேன். மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தாள்.

அந்த உற்சாகத்தில் பி சைடைப் போட்டேன். டேப் ரெக்கார்டருக்குப் பசி போலிருக்கிறது. நாடாவைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன். ம்ஹூம். ஆக, எனக்குப் பாட்டைத் திருப்பத் தெரியும். அந்தப் பாணியில் முடிக்கத் தெரியாது. இந்த நிலைமையில் யாராவது மேடையேறுவார்களா? நான் ஏறினேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. காணிக்கைப் பாட்டு.

எங்கள் கோயிலில் காணிக்கைப் பை சுற்றுவது தாவீதண்ணன். மணி அடிப்பது, பாய் விரிப்பது, மழை வந்தால் ஜன்னல் சாத்துவது எல்லாம் அவர்தான். எங்கள் பாஸ்டர் திருநெல்வேலிக்காரர். அவர் பாஷையில் 'கோயில்குட்டி'. வழக்கம் என்னவென்றால், பாட்டு நடக்கிறவரை பை சுற்றும். பாட்டு முடியும்போது பை பீடத்துக்கு வந்துவிட வேண்டும். தாவீதண்ணன் இதில் பிசகவே மாட்டார். கடைசிச் சரணத்தின் கடைசி வரிக்கு அவர் கால் பீடத்தின் முன்னால் இருக்கும்.

அன்றும் இருந்தது. பாஸ்டர் பையை வாங்கக் கை நீட்டினார். என் கையோ, நான் சொல்லாமலே படியேற ஆரம்பித்தது. சி, ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி...

கடைசிச் சரணம் முடிந்தபின் அதை வாசிக்கக் கூடாது. கனத்த குரல்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆனால் கைக்குப் பழகிவிட்டது. சபையார் என்ன செய்வார்கள், பாவம்? கீபோர்டு கூப்பிடுகிறது. கடைசிச் சரணத்தை மறுபடி எடுத்தார்கள். தாவீதண்ணனுக்கு ஒரே சட்டம்தான். பாட்டு நடந்தால் பை சுற்ற வேண்டும். நீட்டிய கையில் பையைக் கொடுக்காமல் அப்படியே திரும்பி, முதல் வரிசையில் ஆரம்பித்துவிட்டார்.

போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி பாக்கெட்டைத் துழாவினார்கள். சிலர் அவசரமாகக் கண்ணை மூடி ஜெபத்தில் ஆழ்ந்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. சரணம் முடிகிறது. எப்படி முடிப்பது? பி சைடில்தானே இருந்தது! பதற்றத்தில் கை மறுபடியும் படியேறியது. தாவீதண்ணன் மூன்றாவது ரவுண்டு கிளம்பினார்.

கடைசியில் பாஸ்டர் பாட்டின் நடுவே "ஜெபிப்போமாக!" என்று கத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் தாவீதண்ணனின் மனைவி எஸ்தரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "சனம் சில்லற இல்லாம முழிச்சிகினு கீது... நீ இன்னாடான்னா திருவிழால தேரு மாறி சுத்திகினே கீற!" பிறகு என் பக்கம் திரும்பினார். "சாருக்குத்தான் நிறுத்தத் தெரியல. உனக்குமா தெரியல?"

தாவீதண்ணன் அசரவில்லை. "இல்ல சார், அந்த எடம் சூப்பரா கீது. நடக்கசொல்ல காலு தானா போவுது" என்றார். அந்த வாசிப்புக்கு இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஸார், நல்லா வாசிக்கீங்க. அதுல ஒண்ணும் குறையில்ல. ஆனா பாட்டுன்னா ஒரு முடிவு வேணும்லா? பழையபடி ஆமென் போட்டு முடிச்சிருங்க." எஃப், சி. இரண்டே கார்டு. எங்கள் தாத்தா காலத்து முடிவு. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

பாஸ்டர் விட்டாலும் ஊர் விடவில்லை. சாமுவேல் என்று ஒருவர். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு பட்டறையில் லேத் ஆபரேட்டர். கோயிலில் கட்டைக் குரல் முழுவதும் அவர் ஒருவர்தான். டீக்கடைப் பக்கம் நான் தலை காட்டினால் போதும், "தும்... தும்... தும்... தும்..." என்று என் இடது கைப் படிக்கட்டை அப்படியே அடித்தொண்டையில் பாடுவார். "இன்னா சார், இன்னிக்கு எத்தினி ரவுண்டு?" என்பார். கடையே சிரிக்கும். கொஞ்ச நாளில் ஓய்வு நாளில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள்கூட அந்தப் 'தும்'மைக் கற்றுக்கொண்டார்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். இதில் என்னை மட்டும் கிண்டல் செய்ய என்ன இருக்கிறது? நம்மில் யாருக்கு முடிக்கத் தெரிகிறது? 'இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்' என்ற பிறகு அரைமணி நேரம் பேசாத தலைவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? விருந்தாளி 'அப்போ நாங்க கெளம்பறோம்' என்று எழுந்து, கேட் அருகில் நின்று, அங்கேதான் மொத்தக் குடும்ப விவகாரத்தையும் ஆரம்பிப்பார். நாம் எல்லாருமே வாசப்படியில் நிற்கிற ஜாதிதான். இப்படியொரு பத்தி எழுதிவிடலாம் என்று குறிப்புகூட எடுத்துவைத்தேன்.

அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

தாவீதண்ணனுக்கு ஒரே மகள். ஸ்டெல்லா. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. வியாழக்கிழமை காலை அவள் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு, காபி டம்ளரைக் கீழே வைத்த தாவீதண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான். நோய் இல்லை, நொடி இல்லை.

வெளியே மழை. மூன்று நாளாக விடாத மழை. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறுகிற கலங்கல் எந்த நேரமும் வழியும் என்றார்கள். வழிந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை தண்ணீருக்குள் போய்விடும். பிறகு எப்போது வடியும் என்று சொல்ல முடியாது. ஐஸ் பெட்டியெல்லாம் மெட்ராஸ் வசதி, இங்கே கிடையாது. அன்றைக்கே அடக்கம் என்று முடிவானது.

சேதி சொல்லச் சாமுவேல்தான் மொபெட்டில் போனார். மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தார்.

"கேட்டாண்ட சொல்லிட்டேன். லைன்ல அவ எடத்துல நிக்க ரிலீவர் வரணுமாம். வந்தாத்தான் எறக்கி வுடுவாங்களாம். 'நீ போய் பொட்டிக்குச் சொல்லு மாமா, நான் பஸ்ஸு புடிச்சி வந்துடறேன்'ன்னு உள்ளருந்து சொல்லி அனுப்பிச்சா. நான் பாட்டுக்கு வந்துட்டேன்..." அவர் மொபெட்டைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "இருந்து இட்டாந்திருக்கணும் சார். தப்புப் பண்ணிட்டேன்."

சாயங்காலம் ஆயிற்று. ஸ்டெல்லா வரவில்லை. மழையில் பஸ்கள் பாதி ஓடவில்லை என்று யாரோ சொன்னார்கள். குழி வெட்டியவர்களிடமிருந்து ஆள் வந்தது. குழியில் தண்ணீர் ஊறுகிறது, பாதையில் கணுக்கால் வரை ஏறிவிட்டது.

பாஸ்டர் எஸ்தரம்மாவிடம் குனிந்து பேசினார். "இனி நிக்க முடியாதும்மா. வழி அடைச்சிரும். பிள்ள கல்லறைக்கு வந்து சேரட்டும்." எஸ்தரம்மா வாசலைப் பார்த்தார். மாட்டேன் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? எல்லாரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். "இந்தப் பாட்டு முடிஞ்சதும் பெட்டிய மூடுவோம்" என்று பாஸ்டர் அறிவித்தார்.

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் அதுதான் முறை. கடைசிப் பாட்டு பாடுகிறவரை முகம் பார்க்கலாம். பாட்டு முடிந்தால் மூடி. பாட்டு நடக்கும்போது மூடியில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கரண்ட் இல்லை. கீபோர்டைப் பேட்டரியில் போட்டு, ஒரு ஸ்டூலில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். சின்ன வீடு. என் முழங்கைக்குப் பக்கத்தில் பெட்டி. அதன் தலைமாட்டில் எஸ்தரம்மா. மூன்றாவது சரணம் நடக்கும்போது அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"சார்... அன்னிக்கு கோயில்ல பண்ணீங்களே. முடியாமயே போய்கினு இருந்துச்சே... அத்த வாசிங்க சார். எம் பொண்ணு வந்துகினு கீது. அப்பன் மொகத்த பாக்கணும் சார் அவ."

நாலாவது சரணம். கடைசி வரி. பெட்டி செய்துகொண்டுவந்த ஆசாரி மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டார். ஆமெனுக்காக எஃப் மேல் இருந்த விரலை எடுத்தேன். சி, ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி...

சபைக்கு என்னைத் தெரியும். கடைசிச் சரணத்தை மறுபடி எடுத்தார்கள். ஆசாரி மூடியைக் கீழே வைத்தார்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டைகளைப் பார்த்தேன். சரணம் முடிந்தது. மறுபடி படியேறினேன். பாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் நடந்து வந்தார். சரி, இங்கேயும் 'ஜெபிப்போமாக'தான் என்று நினைத்தேன்.

"ஸார், எதுக்கு கடைசிச் சரணத்தையே பாடணும்? முதல்லருந்து போங்க" என்றார். அவரே சத்தமாக முதல் வரியை எடுத்தும் கொடுத்தார்.

பாடினோம். முதலிலிருந்து கடைசிவரை, மறுபடி முதலிலிருந்து. கல்லறையிலிருந்து இன்னொரு ஆள் வந்து வாசலில் நின்றான். தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று கையால் முழங்காலைத் தொட்டுக் காட்டினான். பாஸ்டர் பாடிக்கொண்டே தலையாட்டினார். இன்னும் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வந்துவிட வேண்டும், வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் பேட்டரி தீர்ந்தது. சரியாகப் படியேறுகிற இடத்தில். ஈ வரைக்கும் வந்து, கீபோர்டு ஒரு முறை முனகி, நின்றுவிட்டது. பாட்டும் நின்றது. மழைச் சத்தம் மட்டும். ஆசாரி எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, மெதுவாக மூடியில் கை வைத்தார்.

வாசலில், கூரைத் தண்ணீர் தலையில் கொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றிருந்தார் சாமுவேல்.

"தும்... தும்... தும்... தும்..."

அடித்தொண்டையிலிருந்து வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கிரிக்கெட் பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். ஜி-யில் போய் நின்றார்கள். வாசப்படி. உள்ளே வந்துதானே ஆக வேண்டும்? மொத்த வீடும் முதல் சரணத்தை எடுத்தது.

அப்புறம் எத்தனை தடவை பாடினோம் என்று நான் எண்ணவில்லை. ஒரு செங்கல் லாரி தெருமுனையில் வந்து நின்றதும், அதிலிருந்து ஸ்டெல்லா குதித்ததும்தான் நினைவிருக்கிறது. கம்பெனியின் நீலக் கோட்டு. தலையில் லைனில் போடுகிற தொப்பி. ஒரு கையில் மட்டும் கையுறை. கூட்டம் பாடிக்கொண்டே வழிவிட்டது. கையுறை இல்லாத கையால் அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"இன்னாப்பா... காலைல நல்லாதானப்பா இருந்த..."

பாட்டு நடந்துகொண்டே இருந்தது. அவள் வந்துவிட்டாள், நிறுத்த வேண்டியதுதான். ஆனால் யார் நிறுத்துவது? அவள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சரணத்தை எங்களோடு சேர்ந்து பாடினாள். சரணம் முடிந்தது. சாமுவேல் மூச்சை இழுத்தார். ஸ்டெல்லா அவர் பக்கம் திரும்பி, கையைக் காட்டினாள்.

"போதும் மாமா. பாத்துட்டேன்." ஆசாரியிடம் சொன்னாள்: "மூடுங்கண்ணா."

நான் சாவு வீட்டில் அழுகிற ஆள் இல்லை. அன்று அழுதேன்.

முழங்கால் தண்ணீரில்தான் தூக்கிக்கொண்டு போனோம். வழுக்கல் பாதை. தூக்கினவர்கள் காலை ஒன்றாக எடுத்துவைக்கச் சாமுவேல் முன்னால் போய்க்கொண்டு 'தும்' சொல்லிக்கொடுத்தார். தாவீதண்ணன் சொன்னது சரிதான். அதற்கு நடந்தால் கால் தானாகப் போகிறது.

நேற்று பம்பாயிலிருந்து மச்சான் ஆபீசுக்கு எஸ்.டி.டி. போட்டார். "மாமா, அந்தக் கேசட் இன்னொண்ணு நம்ம ஆளு ஒருத்தன்கிட்ட கீது. பி சைடு சுத்தமா கீது. பாட்ட எப்டி முடிக்கிறதுன்னு அதுலதான கீது? வாங்கியாரவா?"

வேண்டாம் மச்சான், அது இங்கேயே கிடைத்துவிட்டது என்றேன்.